நடுச்சுவர் இருபத்திரண்டு மில்லிமீற்றர்

1. இரண்டு இன்ஹேலர்கள்

ரமணி முதன்முறை என் அறைக்கு வந்தபோது அவளுடைய கைப்பையில் இரண்டு இன்ஹேலர்கள் இருந்தன. ஒன்று நீலம், மற்றது மண்ணிறம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னதற்கு முதல் டொக்டர் ஆஸ்துமா என்றாராம். இன்ஹேலர் இழுத்தும் குறையவில்லை என்றபோது இரண்டாவது டொக்டர் மனப்பதற்றம் என்றாராம். மூன்றாமவர், கலியாணம் கட்டி நாலு வருடமாகியும் பிள்ளை இல்லாத பெண்களுக்கு இப்படி வருவதுண்டு என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தாராம். பம்பலப்பிட்டியில் அவள் ஆங்கிலம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், காலைக் கூட்டத்தின் நடுவில் அவள் மயங்கி விழுந்து நெற்றி உடைந்த பிறகுதான், நாலாமவர் ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்போம் என்று எழுதினார். ஆக, நாலு டொக்டர்மாருக்கும் ஒரு சீமெந்துத் தரைக்கும் பிறகு அவள் என்னிடம் வந்து சேர்ந்தாள்.

நான் முப்பத்தொரு வருடம் எக்கோ எடுத்தவள். நோயாளியின் நெஞ்சில் ஜெல் பூசி, புரோப் என்ற கைக்கருவியை அழுத்தி, இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்து அளப்பது என் வேலை. இன்ன நோய் என்று சொல்வது டொக்டரின் வேலை. நோயாளிகளுக்கு நான் ‘எக்கோ மிஸ்’. கடைசிப் பதினாலு வருடம் வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். வாசலில் ‘உங்கள் இதயம் எங்கள் கைகளில்’ என்று பெரிய பதாகை தொங்கியது. ஒரு எக்கோவுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று மனேஜர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். எங்கள் கைகளில் இதயம் அவ்வளவு நேரம்தான் இருக்கும் என்பதைப் பதாகையில் போடவில்லை.

ரமணிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒல்லியான பெண். இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்துப் புரோபை வைத்தவுடனேயே தெரிந்துவிட்டது. இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் பத்து மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். அவளுக்கு இருபத்திரண்டு. இரத்தம் வெளியேறும் வழியை அந்தச் சுவர் பிதுங்கி அடைத்துக்கொண்டிருந்தது. அடைப்பு எவ்வளவு கடுமை என்பதை கிரேடியன்ட் என்ற ஓர் எண்ணால் சொல்வோம். சும்மா படுத்திருக்கும்போது அவளுக்கு அது இருபத்தெட்டு. அத்தோடு விட்டிருந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்திருக்கலாம்.

“மூச்சை அடக்கிக்கொண்டு, வயிறு போகாத ஆக்கள் மாதிரி நல்லா முக்குங்கோ பிள்ளை” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு முக்கினாள். இருபத்தெட்டு தொண்ணூற்றிரண்டாக ஏறியது.

ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் இறங்கி வரும் இதயத் தசைத் தடிப்பு நோய். நெஞ்சைத் துடைக்க ரிஷ்யூ கொடுத்தபோது அவள், ஆஸ்துமாதானா மிஸ் என்று கேட்டாள். டொக்டர் சொல்வார் என்றேன். எங்கள் தொழிலில் அதைவிட அதிகமாகப் பேசக் கூடாது. அது நல்ல விதிதான், ஆனால் கோழைகளுக்கும் அது வசதியான விதி என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

2. “எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை”

எங்கள் இதய டொக்டர் சிங்களவர், பொறுமையான மனிதர். தமிழ்க் குடும்பங்கள் வந்தால், மொழிபெயர்க்க என்னை அறைக்குள் கூப்பிடுவார். அன்று அவர் கூப்பிட்டிருக்கத் தேவையில்லை. வந்த எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், அதைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது.

ரமணியோடு புருஷன் கோபி வந்திருந்தார். இன்ஷூரன்ஸ் கொம்பனியில் வேலை. கூடவே அவளுடைய பெரியப்பா மகாலிங்கம், கொட்டாஞ்சேனையிலிருந்து. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கோப்பு எழுதும் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். ரமணியின் அப்பா இறந்த பிறகு குடும்பத்துக்கு அவர்தான் தலைவர், செயலாளர், பேச்சாளர் எல்லாம். டொக்டர் ரமணியைப் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இந்த இருவரில் ஒருவர் பதில் சொன்னார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதற்குக்கூடப் பெரியப்பா வாயைத் திறந்து, பிறகு மூடினார். ஆங்கில ரீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குடும்பத்தில் யாருக்காவது இதய வருத்தம் உண்டா, யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா என்று டொக்டர் கேட்டார்.

“எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் அப்பிடி ஒண்டும் இல்லை” என்றார் பெரியப்பா, தமிழில், என்னைப் பார்த்து.

அப்பா எப்படி இறந்தார் என்று நான் ரமணியிடம் கேட்டேன். பம்பலப்பிட்டி ஸ்ரேஷனில், நாற்பத்திரண்டு வயதில் என்றாள். அது ரெயினுக்கு ஓடினபடியால் என்று பெரியப்பா திருத்தினார். வேறு யாரும்? சித்தப்பா ஒருவர் முப்பத்தாறு வயதில், தேர் இழுக்கும்போது. அது வெயில் என்றார் பெரியப்பா. பெரியப்பாவின் ஒரே அக்கா, ஃபான் துடைக்கக் கதிரையில் ஏறியவர் விழுந்து இறந்துவிட்டார். அது கதிரையின் பிழை. ஒரு ரெயின், ஒரு வெயில், ஒரு கதிரை. இப்படிக் காரணங்களோடு அந்தக் குடும்பம் மூன்று பேரைச் சுடலைக்கு அனுப்பியிருந்தது. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டொக்டர் விளக்கினார். முதலில் பீட்டா புளொக்கர் கொடுத்துப் பார்ப்போம், அது இதயத்தின் வேகத்தைக் குறைக்கும். போதாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, அண்மையில் வந்திருக்கும் ஒரு புது மாத்திரை. தடித்த தசை இறுக்கிப் பிடிப்பதையே அது தளர்த்தும். கெட்டிக்கார மருந்து, ஆனால் அளவு மிஞ்சினால் இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் சக்தியையும் குறைத்துவிடும். ஆகவே தொடக்கத்தில் நாலு கிழமைக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட மாதாமாதம், எக்கோ பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒழுங்கு செய்துதான் எடுக்க வேண்டும். மற்றது சத்திர சிகிச்சை. நெஞ்சைத் திறந்து தடித்த சுவரில் ஒரு பகுதியைச் சீவி எடுப்பது. அதை அடிக்கடி செய்து கைதேர்ந்தவர்களிடம் மட்டும்தான் போக வேண்டும், இந்தியாவில் ஒரு குழுவைத் தனக்குத் தெரியும் என்றார். மயங்கி விழுந்தவள், குடும்பத்தில் இத்தனை திடீர் மரணங்கள் என்பதால், எந்த வழியில் போனாலும் இதயம் நிலைதவறினால் அதிர்ச்சி கொடுத்துத் திருப்பும் ஒரு சின்னக் கருவியைத் தோளுக்குக் கீழே வைக்க வேண்டும். அவளுடைய கூடப் பிறந்தவர்களும் பெரியப்பாவும் எக்கோ எடுக்க வேண்டும்.

கடைசி வசனம் பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ரமணியின் தங்கை யாழினிக்கு லண்டன் மாப்பிள்ளை ஒன்று பேச்சில் இருந்தது.

“அவள் நல்ல சுகம், நெற்போல் விளையாடுறவள்” என்றார். “எக்கோ எடுத்தால் வெளியில கதை போகும்.”

3. வட்ஸ்அப் மருத்துவ சபை

அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு ரமணி பின்னாளில் சொன்னாள்.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் நாற்பத்தாறு பேர். அதில் ஒருவரும் டொக்டர் இல்லை, எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். மெல்பேர்ணில் இருந்த மாமி வெள்ளைப்பூண்டு என்றார். கிருலப்பனையில் ஒரு சின்னம்மா, நெஞ்சு வெட்டி ஒப்பரேஷன் செய்தவர்கள் பிறகு பாரம் தூக்க முடியாது, வீட்டு வேலை யார் செய்வது என்று கேட்டார். தடித்த தசையை அல்ககோல் ஊற்றிக் கருக்கும் ஒரு முறையும் உண்டு என்று எவரோ இணையத்தில் வாசித்துப் போட்டார். அதை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாயால் செய்கிறேன் என்று ஒரு மச்சான் எழுத, பதினேழு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். ரமணியின் சுவரின் வடிவத்துக்கு அது பொருந்தாது என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

முடிவில் புது மாத்திரை வென்றது. காரணம் மருத்துவம் அல்ல. ஒப்பரேஷன் என்றால் நெஞ்சில் ஒரு சாண் தழும்பு இருக்கும், சட்டைக் கழுத்தில் தெரியும், லண்டன் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். மாத்திரை என்றால் விழுங்கியவுடன் காணாமல் போய்விடும்.

ரொறன்ரோவில் இருந்த ரமணியின் அண்ணன் கண்ணன் மூன்று மாதத்துக்கான மாத்திரையை யாரிடமோ எடுத்து அனுப்பினான். எப்படி எடுத்தான் என்று நான் விசாரிக்கவில்லை. சுங்கத்தில் கேள்வி வராமல் இருக்க, ஒரு விட்டமின் போத்தலுக்குள் போட்டு அனுப்பினான். மருந்தோடு வந்த எச்சரிக்கைத் தாளை எறிந்துவிட்டான். டொக்டரிடம் கேட்டால் இன்னும் பத்துப் பரிசோதனை எழுதுவார், முதலில் தொடங்கட்டும், பலன் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று பெரியப்பா தீர்மானித்தார். கோபி சம்மதித்தார். ரமணியும் விழுங்கினாள். ஏன் விழுங்கினாய் என்று நான் ஒருமுறை கேட்டேன். இரண்டு வருடம் என் நெஞ்சைப் பற்றி நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, பிறகு எனக்கே என் சொல்லில் நம்பிக்கை போய்விட்டது என்றாள்.

4. நான் எழுதிய நோர்மல்

ஆறு கிழமை கழித்து அவள் அடுத்த எக்கோவுக்கு வந்தாள். மாத்திரை தொடங்கியிருந்தது எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. முகம் தெளிவாக இருந்தது. படி ஏற முடிகிறது என்றாள். முக்கச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டாக இருந்த கிரேடியன்ட் முப்பத்தொன்றாக இறங்கியிருந்தது. பீட்டா புளொக்கர் இவ்வளவு நன்றாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அதுவே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும்.

இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னில் உள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை ஈஎஃப் என்று எழுதுவோம். அவளுக்கு ஐம்பத்தைந்து வந்தது. புத்தகத்தின்படி அது சரியான எண். ‘நோர்மல்’ என்று எழுதினேன். முதல் எக்கோவில் அது அறுபத்தெட்டாக இருந்தது. ஆறு கிழமையில் பதின்மூன்று புள்ளி இறங்கியிருக்கிறது. பழைய ரிப்போர்ட் கணினியில், இரண்டு தட்டுத் தூரத்தில் இருந்தது. நான் தட்டிப் பார்க்கவில்லை. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள், மனேஜர் கண்ணாடிக்கு அப்பால் நின்றார் என்று சொல்லலாம். அதெல்லாம் உண்மைதான். ரெயினும் வெயிலும் கதிரையும்கூட உண்மைதான்.

என் நோர்மலை நம்பி டொக்டர் பீட்டா புளொக்கரைக் கொஞ்சம் கூட்டினார்.

5. “அது மருந்தில்லையே மிஸ்”

ஐந்து கிழமையில் திரும்பி வந்தாள், முறை வைத்து அல்ல. பாடம் நடத்தும்போது மூச்சு முட்டியதால், பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஓட்டோவில் வந்திருந்தாள். செருப்பு வார் பதிந்த கோடு வீங்கிய காலில் ஆழமாக இருந்தது. படுக்கச் சொன்னால் படுக்க முடியவில்லை. சாய்ந்தபடியே எக்கோ எடுத்தேன். அடைப்பு அநேகமாக இல்லை. ஈஎஃப் நாற்பத்தொன்று. இதயம் களைத்த மாடு போல மெல்ல அசைந்தது.

இந்த முறை பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்தேன். அறுபத்தெட்டு, ஐம்பத்தைந்து, நாற்பத்தொன்று. நடுவில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

டொக்டருக்கு அழைப்பு எடுத்துவிட்டு, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பின்னால் வந்து சேர்ந்த கோபியும் இல்லை என்றார். பிறகு நான் கேள்வியை மாற்றினேன்.

“மருந்தை விடுங்கோ. காலமையிலயிருந்து படுக்கப் போகும் மட்டும் வாய்க்குள்ள போடுறது எல்லாத்தையும் சொல்லுங்கோ.”

கோபி நிலத்தைப் பார்த்தார். ரமணி கைப்பையைத் திறந்து விட்டமின் போத்தலை மேசையில் வைத்தாள். அதற்குள் இருப்பது எந்த மாத்திரை என்று சொல்லிவிட்டு அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பைக்குள் இன்னொரு அட்டை தெரிந்தது. ஒமெப்ரசோல். காலி வீதியில் எந்த மருந்துக் கடையிலும் இனிப்பு மாதிரி வாங்கலாம்.

“அது மருந்தில்லையே மிஸ், கேஸ்ட்ரிக்குக்குத்தானே” என்றாள். “ஒரு மாசமா நாளுக்கு ரெண்டு போடுறன். இவையளின்ர கதையைக் கேட்டு வயிறு எரியுது.”

டொக்டர் வந்து இரண்டையும் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு முறைதான். அந்த கேஸ்ட்ரிக் குளிசை, புது மாத்திரை ஈரலில் உடைந்து கழிவதைத் தாமதிக்கும். பிறவியிலேயே ஈரல் அதை மெல்ல உடைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். தொடங்குமுன் அதற்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்வது அதனால்தான். மாத்திரை உடம்பில் சேர்ந்து, சேர்ந்து, இதயத்தின் கையைப் பிடித்துவிட்டது. இது மருந்தின் குற்றமே அல்ல என்றார். முறைப்படி எடுத்திருந்தால் அவரே எழுதியிருக்கக்கூடிய மருந்து இது.

மாத்திரையை நிறுத்தி அவளை வார்ட்டில் வைத்தார்கள். நான் அன்று மாலையே டொக்டரிடம் போய், முந்தைய எக்கோவில் வீழ்ச்சியைத் தவறவிட்டது நான்தான் என்று சொன்னேன். அவர், அதைப் படித்த நானும் தவறவிட்டேன் என்றார். அடுத்த நாள் ரமணியிடமும் சொன்னேன். மனேஜர், ஏன் நோயாளிக்குச் சொன்னீர்கள், வக்கீல் வந்தால் என்ன செய்வது என்று துள்ளினார். வக்கீல் வரவில்லை. ரமணி, பிழை தன்னில எண்டு உங்களைத் தவிர ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை மிஸ் என்றாள்.

6. ஒருவரும் கேட்காத கேள்வி

ஏழு கிழமையில் ஈஎஃப் அறுபத்திரண்டுக்குத் திரும்பியது. கூடவே பழைய அடைப்பும் திரும்பியது. ஆகவே பழைய கேள்வியும். இந்த முறை பரிசோதனைகள் செய்து, அளவு பார்த்து, எக்கோவோடு சேர்த்து மாத்திரையைச் சரியாகத் தொடங்கலாமா, அல்லது ஒப்பரேஷனா? குடும்பம் மறுபடியும் மாத்திரைக்கே வாக்களித்தது. தோல்வி கண்ட கட்சிக்கே திரும்பவும் வாக்குப் போடுவது நம் ஊரில் புதிதல்ல.

எக்கோ அறையில் நானும் ரமணியும் மட்டும் இருந்தோம். ஜெல்லைத் துடைத்துவிட்டு, உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன். என் வேலை அல்லாத கேள்வி. நாலு மாதமாக யாருடைய வேலையாகவும் அது இருக்கவில்லை.

“எனக்கு ஒரு பிள்ளை வேணும் மிஸ்” என்றாள்.

நான் போய் டொக்டரைக் கூட்டி வந்தேன். அவர் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த மாத்திரை எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, கருவுக்குக் கேடு. கண்ணன் எறிந்த தாளில் அது கொட்டை எழுத்தில் இருந்திருக்கும். ஒப்பரேஷனிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நெஞ்சைத் திறப்பது விளையாட்டல்ல, அபூர்வமாக உயிர் போகலாம், பேஸ்மேக்கர் தேவைப்படலாம். ஆனால் அடைப்பு நீங்கிவிட்டால், பிறகு கவனமாகப் பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேசலாம். இன்னொன்றும் சொன்னார். பிறக்கும் பிள்ளைக்கு இந்த நோய் இறங்க இரண்டில் ஒன்று வாய்ப்பு.

“பாதி எண்டால் மற்றப் பாதியும் இருக்குத்தானே” என்றாள் ரமணி. ஆங்கிலத்தில் டொக்டரிடம் நீளமாகச் சொன்னதைத் தமிழில் என்னிடம் சுருக்கினாள். “அது வந்தாலும் என்ர பிள்ளைக்கு நான் ஒளிக்க மாட்டன்.”

வெளியே பெரியப்பா காத்திருந்தார். தழும்பைப் பற்றியும் யாழினியைப் பற்றியும் தொடங்கினார். ரமணி குரலை உயர்த்தவில்லை.

“என்ர நெஞ்சு பெரியப்பா. நான் வெட்டுறன். நீங்கள் போய் எக்கோ எடுங்கோ.”

அவர் அடுத்த கிழமை தனியாக வந்தார். சட்டை கழற்றும்போது, தனக்கு ஒன்றுமில்லை, பெட்டையின் வாயை மூடத்தான் வந்தேன் என்றார். அவருடைய சுவர் பத்தொன்பது மில்லிமீற்றர். அடைப்பு இல்லை, அதனால்தான் எழுபது வயதுவரை தெரியாமல் தப்பியிருந்தார். திரையில் எண்ணைப் பார்த்தார். நாற்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்த மனிதர் அல்லவா, உடனே வேலையைத் தொடங்கினார்.

“பிள்ளை, அதைக் கொஞ்சம் குறைச்சுப் பதின்மூண்டு எண்டு போடேலாதோ?”

முடியாது என்றேன். சட்டைப் பொத்தான்களைப் போட அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. கடைசிப் பொத்தானில் கை நின்றது. அப்ப தம்பிமாருக்கும் அக்காவுக்கும் இதுதானோ என்று கேட்டார். இருக்கலாம் ஐயா, இனிப் பார்க்க ஏலாது என்றேன். அந்த மனிதரை நாலு மாதமாக மனதுக்குள் பகிடி பண்ணிக்கொண்டிருந்தவள் நான். அந்த ஒரு நிமிடம் அது முடியவில்லை.

7. பிற்பாடு

ரமணிக்கு இந்தியாவில் ஒப்பரேஷன் நடந்தது. சுகமாகத்தான் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் நெஞ்சுக்குள் நீர் கட்டி மறுபடி குழாய் போட்டார்கள். கோபி எனக்கு அனுப்பிய செய்திகளில் எழுத்துப் பிழைகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தன. பிறகு தேறினாள். கருவியும் வைத்தார்கள். திரும்பி வந்து என் மேசையில் படுத்தபோது முக்கச் சொன்னேன். முக்கினாள், இருமினாள், தழும்பு நோகிறது என்று என்னைத் திட்டினாள். கிரேடியன்ட் எட்டு.

யாழினியின் எக்கோ சுத்தம். சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் லண்டன் மாப்பிள்ளை வீட்டார், முன்பு பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொன்ன சாதகம் இப்போது பொருந்தவில்லை என்று அறிவித்தார்கள். அக்காவின் இதயத்தைப் பார்த்து ஓடியவர்கள், தங்கையின் இதயத்தைப் பார்க்கவே இல்லை. யாழினி அந்த நம்பரை அழித்துவிட்டு நெற்போல் பயிற்சிக்குப் போனாளாம்.

நான் ஓய்வு பெறும் மாதம் ரமணி ஐந்து மாத வயிற்றோடு வந்தாள். இரண்டு டொக்டர்மார் அவளைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நன்றாக முடியும் என்று நான் எழுதித் தர முடியாது. அன்றைய எண்கள் நன்றாக இருந்தன. அதை எழுதிக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. ‘நோர்மல்’ என்று எழுதுமுன் இதே ஆள் போன முறை எப்படி இருந்தார் என்று திறந்து பாருங்கள். நோயாளியிடம் என்ன மருந்து என்று கேட்காதீர்கள், என்ன விழுங்குகிறீர்கள் என்று கேளுங்கள். மருந்தா வெட்டா என்று வீட்டார் சண்டை பிடிக்கும்போது, இரண்டில் எது நல்லது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. படுத்திருப்பவர் எதற்காக வாழ விரும்புகிறார் என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே அர்த்தம் வருகிறது. அதைக் கேட்க எனக்கு அரை நிமிடம் எடுத்தது. கேட்க வேண்டும் என்று தோன்ற, முப்பது வருடம் எடுத்தது.